பதின்மூன்று பாகை தெற்கே

பிற்பகல் மூன்று மணிக்குச் சற்று முன். மே மாதத்தின் கடைசி நாட்களில் ஒன்று. கூரை கழற்றப்பட்ட பழைய பள்ளிவாசலின் சீமெந்துத் தரையில் ஒரு நீல நைலோன் கயிறு இழுத்துக் கட்டப்பட்டிருந்தது. கயிற்றைத் தொட்டும் தொடாமலும் ஆளுயரச் சவுக்குக் கம்பு ஒன்று நிமிர்ந்து நின்றது. மேசன் தூக்குக்குண்டைத் தொங்கவிட்டு, கம்பு நேராக நிற்கிறதா என்று மறுபடியும் பார்த்தார்.

கம்புக்கு நிழல் இல்லை. ஒரு மேகம் சூரியனை மூடியிருந்தது.

குடியிருப்பில் பாதிப் பேர் தரையைச் சுற்றி நின்றார்கள். பெண்கள் வேலியோரத்தில். கடற்பக்கமிருந்து வந்த காற்று கயிற்றை மெல்ல அதிரச் செய்தது. அளவு நாடாவின் ஒரு முனை என் கையில் இருந்தது. இனி அதற்கு வேலை இல்லை என்று தெரிந்தும் நான் அதைக் கீழே வைக்கவில்லை.

நஸீரா வானத்தைப் பார்க்கவில்லை. கைக்கடிகாரத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். அவளுடைய உம்மா சுவரோரமாக, பிளாஸ்டிக் கதிரையில், கறுப்புக் குடைக்குக் கீழே உட்கார்ந்திருந்தார். முகம் பழைய சுவரைப் பார்த்திருந்தது, முதுகு கயிற்றுக்கு. மகளோடு அவர் முகம் கொடுத்துக் கதைத்துச் சில வாரங்கள் ஆகியிருந்தன.

"மேகம் போகாட்டி என்ன செய்ற, ரீச்சர்?" என்று பள்ளிவாசல் தலைவர் ஹாஜியார் தாழ்ந்த குரலில் கேட்டார்.

"ஜூலையில திரும்ப வரும், ஹாஜியார்."

"மேகமா?"

"சூரியன்."

பின்னால் யாரோ சிரிப்பை அடக்கிக்கொண்டார்கள். நஸீரா சிரிக்கவில்லை. அவள் கழுத்தில் வியர்வை கோடாக இறங்கியதை நான் பார்த்தேன்.

கூரைக்கு வெளியே

சென்ற வாரம் இந்தப் பத்தியில் கூரைச் சாய்வுகளைப் பற்றி எழுதியிருந்தேன். அதைப் படித்த வாசகி ஒருவர், பள்ளிக்கூடத்தில் மனப்பாடம் செய்த சைனும் கோசைனும் கூரைக்கு வெளியே எப்போதாவது எனக்குப் பயன்பட்டதுண்டா என்று கேட்டிருந்தார். எனக்கு என்று சொல்ல முடியாது. ஆனால் பயன்பட்டதைப் பக்கத்தில் நின்று பார்த்திருக்கிறேன்.

நஸீராவை உயர்தர வகுப்பிலிருந்து தெரியும். நாங்கள் மன்னார்ப் பக்கத்துக் கத்தோலிக்கக் குடும்பம். அவர்களும் வடக்குத்தான், எங்களுக்கு முன்பே, எங்களைவிடக் குறைந்த சாமான்களோடு, புத்தளத்துக்கு வந்துவிட்டார்கள். இருவரும் ஒரே வாங்கில் இருந்து படித்தோம். கேத்திரகணிதம் எனக்குப் பிடிக்கும், ஏனென்றால் அதில் படம் இருக்கும். திரிகோணகணிதம் அவளுக்குப் பிடிக்கும், ஏனென்றால், அவள் சொன்னபடி, அதில் போகாமலே போய் வரலாம்.

அன்று அது எனக்கு விளங்கவில்லை. "ஆத்துக்கு அந்தப் பக்கம் ஒரு மரம் நிக்குது. ஆத்தில இறங்காம அது எவ்வளவு தூரம் எண்டு சொல்லலாம். இதுக்கு மேல என்ன வேணும் உனக்கு?" என்றாள். அவள் கேட்ட தொனியில், இதற்கு மேல் ஒன்றும் வேண்டாம் என்றுதான் பட்டது.

நான் புத்தளத்தில் ஒரு கட்டட அலுவலகத்தில் படம் வரையப் போனேன். அவள் பட்டம் பெற்று வந்து உயர்தர மாணவருக்குக் கணிதம் படிப்பிக்கிறாள். வெண்கட்டியைக் கடதாசியில் சுற்றிப் பிடிப்பாள். கரும்பலகையில் எதையும் கையால் அழிக்கமாட்டாள். ஒரு விடையை எழுதிய பிறகு ஒரு அடி பின்னால் வந்து, அதை வேறு யாரோ எழுதியதைப் போலச் சந்தேகத்தோடு பார்ப்பாள். அவளிடம் நான் அதிகம் மதிப்பது அந்த ஓர் அடியைத்தான்.

கடற்கரையில் காற்றாலைகள் வந்த புதிதில், ஒரு நாள் வகுப்பையே அங்கே கூட்டிக்கொண்டு போனாள். பாகைமானி, குடிக்கிற குழல், நூல், நூலின் நுனியில் ஒரு இரும்பு நட்டு. இவ்வளவுதான் கருவி. குழல் வழியாகக் காற்றாலையின் உச்சியைப் பார்த்தால் நூல் ஒரு பாகையைக் காட்டும். அடியிலிருந்து நிற்கிற தூரம் தெரிந்தால் தாஞ்சன் மிச்சத்தைச் சொல்லும். பிள்ளைகள் வரிசையாக நின்று ஒற்றைக் கண்ணால் குறிபார்த்ததைக் கண்ட காவற்காரர் ஓடிவந்து, என்ன சுடப் போகிறீர்கள் என்று கேட்டார். உயரத்தை அளக்கிறோம் என்று நஸீரா சிங்களத்தில் விளக்கினாள். அவர் யோசித்துவிட்டு, "அதை என்னிடமே கேட்டிருக்கலாமே" என்று உயரத்தைச் சொன்னார். பிள்ளைகளின் விடை அதற்கு மிக நெருங்கி வந்திருந்தது. "அப்ப நீங்க சொன்னது சரிதான்" என்று நஸீரா அவரைப் பாராட்டினாள். அவருக்கு அது மரியாதையா கேலியா என்று விளங்கியிருக்காது. எனக்கும் இன்றுவரை விளங்கவில்லை.

நாலு போன், நாலு கிப்லா

அவர்களுடைய குடியிருப்பு கற்பிட்டி வீதியில், எத்தாளைக்குப் போகிற வழியில் இருக்கிறது. வடக்கிலிருந்து வெளியேற்றப்பட்டு வந்த முஸ்லிம் குடும்பங்கள் முதலில் அங்கே தென்னோலைக் கிடுகுக் கொட்டில்கள் போட்டன. தொழுவதற்கும் ஒரு கொட்டில். எப்படியும் ஊருக்குத் திரும்பிவிடுவோம் என்ற எண்ணத்தில் எல்லாமே தற்காலிகமாகத்தான் இருந்தன. பிறகு கிடுகு தகரமாயிற்று, கம்பு சுவராயிற்று, மண் சீமெந்தாயிற்று. ஆனால் முதல் கொட்டிலின் கோடு மட்டும் அசையவில்லை. சுவர் அதன்மேலேயே எழும்பியது.

அந்தக் கோட்டைப் போட்டவர் நஸீராவின் வாப்பா. ஊரிலும் வந்த இடத்திலும் பள்ளிவாசலில், தொழுகைக்கு அழைக்கும் பாங்கு சொன்னவர். அவர் காலமாகிப் பல வருடங்கள். ஆனால் அந்தக் குடியிருப்பில் இன்னும் "காதர் நானா பிடிச்ச கயிறு" என்று ஒரு பேச்சு உண்டு. ஒரு வேலை திருத்தமாக இருந்தால் அப்படிச் சொல்வார்கள்.

முஸ்லிம் அல்லாத வாசகர்களுக்காக ஒரு வரி. தொழுகையில் மக்காவிலுள்ள கஃபாவை நோக்கி நிற்க வேண்டும். அந்தத் திசைதான் கிப்லா. பள்ளிவாசலின் முன்சுவர் அந்தத் திசையைப் பார்த்துத்தான் எழ வேண்டும்.

பழைய கட்டடத்தை உடைத்துப் புதிதாகக் கட்டுவதென்று முடிவானதும், படத்தை நான் வரைந்து தருவதாகச் சொன்னேன். பழைய அத்திவாரத்தின் மேலேயே வரைந்தேன். அப்போதுதான் பையன்கள் சிலர் போனைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். பழைய திசை பிழை என்றார்கள். சரி, எது சரி என்று காட்டுங்கள் என்றார் ஹாஜியார். நாலு பேர் பள்ளிக்குள் நின்று நாலு போனைப் பிடித்தார்கள். மேலே தகரம், தூணுக்குள் கம்பி, சுவரோரத்தில் நிறுத்திய மோட்டார் சைக்கிள்கள். நாலு போனும் நாலு பக்கம் காட்டின.

"ஒண்டு மதுரங்குளியக் காட்டுது" என்றார் ஹாஜியார். "அங்க எனக்குச் சொந்தக்காரர் இரிக்கிறாங்கதான். ஆனா தொழுற அளவுக்கு இல்ல."

எல்லோரும் சிரித்தார்கள். சிரிப்போடு விடயமும் முடிந்திருக்கும். முடியாததற்குக் காரணம் நஸீரா. போன்கள் பொய் சொல்கின்றன என்பது பழைய கோடு சரி என்பதற்குச் சாட்சியாகாது என்று அவள் ஹாஜியாரிடம் சொல்லி அனுப்பினாள். கணக்குப் பார்த்துச் சொல்ல இரண்டு வாரம் தரும்படி கேட்டாள்.

அவளும் நானும் மேசனும் பள்ளி முற்றத்தில் ஒரு கம்பை நட்டோம். திசைகாட்டியை அவள் தொடவே இல்லை. காலையில் கம்பின் நிழல் நுனியில் ஒரு முளை அடித்தோம். கம்பை மையமாக வைத்து அந்த நிழலின் நீளத்துக்கு ஒரு வட்டம் கீறினோம். பிற்பகலில் நிழல் மறுபடி வளர்ந்து வட்டத்தைத் தொட்ட இடத்தில் இன்னொரு முளை. இரண்டு முளைகளையும் சேர்த்தால் அது கிழக்கு மேற்குக் கோடு. இரும்போ போனோ அதைக் கெடுக்க முடியாது.

அந்தக் கோட்டோடு பழைய சுவரை ஒப்பிட்டோம். மேற்கே பத்து மீற்றர் போவதற்குள் பழைய பக்கச் சுவர் இரண்டு மீற்றர் முப்பத்தைந்து சென்ரிமீற்றர் தெற்கே சாய்ந்தது. நான் அளவைச் சொன்னேன். நஸீரா அதை எழுதிக்கொண்டு, பேனையை மூடிவைத்து, சற்று நேரம் சுவரையே பார்த்தாள். மக்கா நமக்கு வடமேற்கே என்பது அவளுக்குத் தெரியும். எனக்கும் தெரியும். மேசனுக்கும் தெரிந்திருக்க வேண்டும். அவர் கயிற்றைச் சுற்றத் தொடங்கினார்.

வலைப்பந்தும் நூலும்

கூட்டம் பள்ளிக்கூட வகுப்பறையில் நடந்தது. கரும்பலகை அங்கேதான் இருந்தது. பெரியவர்கள் சின்னப் பிள்ளைகளின் வாங்குகளில் முழங்காலை மடக்கி உட்கார்ந்திருந்தார்கள். மௌலவி முன்வரிசையில். நான் கதவோரத்தில், சுருட்டிய படத்தோடு.

சுவரில் உலகப் படம் தொங்கியது. கடைக்காரர் ஒருவர் எழுந்து, இதில் அடிமட்டத்தை வைத்தால் போதாதா, இதற்கு ஏன் கணக்கு என்று கேட்டார். நியாயமான கேள்விதான். நஸீரா அடிமட்டத்தை வைத்துக் காட்டினாள். மேற்கிலிருந்து வடக்கே பதினெட்டுப் பாகைக்குச் சற்று மேல் வந்தது. பிறகு மேசைக்குக் கீழிருந்து ஒரு வலைப்பந்தை எடுத்தாள். அதில் இரண்டு புள்ளிகளை முன்பே குறித்திருந்தாள். ஒன்று நாங்கள், மற்றது மக்கா.

"பூமி கடதாசி இல்ல, நானா. உருண்ட. இதில நூலப் பிடிங்க. இழுத்துப் பிடிங்க."

கடைக்காரர் நூலை இழுத்துப் பிடித்தார். நூல் வடக்கே வளைந்து ஏறி, பிறகு இறங்கிப் போய் மக்காவைத் தொட்டது. அவர் பந்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். நூலைத் தளர்த்தி, மறுபடி இழுத்தார். மறுபடியும் அதே வளைவு.

"மக்கா என்ன எங்கட வளவுக்குள்ள நிக்கிற தென்னையா, நேரா நூல் பிடிக்க?" என்றார் ஹாஜியார், கடைக்காரருக்கு உதவி செய்வதைப் போல.

அதற்குப் பிறகு நஸீரா கரும்பலகைக்குத் திரும்பினாள். எங்களுடைய அகலாங்கு பூமத்திய கோட்டுக்கு வடக்கே எட்டுப் பாகை. மக்காவினுடையது இருபத்தொன்றரைக்குக் கொஞ்சம் குறைவு. இரண்டுக்கும் இடையில் கிழக்கு மேற்காக நெட்டாங்கு வித்தியாசம், இந்தக் கரைக்கென்றே அளந்து வைத்ததுபோல, கிட்டத்தட்டச் சரியாக நாற்பது பாகை. சைன், கோசைன், தாஞ்சன் மூன்றையும் அவள் ஒரே பின்னத்தில் வைத்தாள். வரிக்கு வரி உரக்கச் சொல்லிக்கொண்டே எழுதினாள். யாரும் பின்தொடர்ந்திருப்பார்கள் என்று நினைக்கவில்லை. ஆனால் ஒருவரும் அசையவில்லை. கடைசி வரியில் இருபத்துமூன்றே முக்கால் பாகைக்குச் சற்றுக் குறைவு என்று வந்தது. மேற்கிலிருந்து வடக்கே.

ஓர் அடி பின்னால் வந்து அதைப் பார்த்தாள்.

பிறகு என்னைப் பார்த்து, மேசனுக்கு விளங்குகிற மாதிரிச் சொன்னாள். மேற்கே பத்து மீற்றர். அங்கிருந்து நேர் வடக்கே நாலு மீற்றர் முப்பத்தெட்டு சென்ரிமீற்றர். தொடங்கிய இடத்தையும் முடிந்த இடத்தையும் சேர்த்தால் அதுதான் கோடு. ஏறக்குறைய மூவாயிரம் மைல் தூரத்துக் கேள்வி ஒன்று, ஒரு அளவு நாடாவுக்குள் அடங்கியதை நான் அன்றுதான் பார்த்தேன். என் தொழிலில் எத்தனையோ கோணம் வரைந்திருக்கிறேன். எதையும் இப்படி யாரும் எனக்குக் கையில் தந்ததில்லை.

"அப்ப பழைய கோடு?" என்று பின்வாங்கிலிருந்து ஒருவர் கேட்டார்.

"முப்பத்தேழு பாகை விலகியிரிக்கு" என்றாள்.

"அது உங்கட வாப்பா போட்ட கோடு, ரீச்சர்."

"ஓம். தெரியும்."

காதர் நானாவின் கோட்டில் நின்று தொழுதவர்கள் அங்கே பலர் இருந்தார்கள். மௌலவிதான் எழுந்து அதைத் தீர்த்துவைத்தார். தெரியாத இடத்தில், முடிந்த அளவுக்குத் தேடிப் பார்த்து நின்றவர்களின் தொழுகை தொழுகைதான், அதில் எவரும் மனக்கவலைப்பட வேண்டாம் என்றார். தெரிந்த பிறகு திரும்பி நிற்பதுதான் நம்முடைய கடமை என்றார். ஆனாலும் ஹாஜியாருக்கு ஒரு தயக்கம் இருந்தது. கரும்பலகையில் எழுதியதை நம்பி எப்படிச் சுவரை உடைப்பது?

"நம்ப வேணாம்" என்றாள் நஸீரா. வருடத்தில் இரண்டு நாள் சூரியன் கஃபாவுக்கு நேர் உச்சியில் வந்து நிற்கும். அந்த நிமிடத்தில் இங்கே ஒரு கம்பை நட்டால், அதன் நிழல் கிப்லாவுக்கு நேர் எதிர்ப்பக்கம் விழும். மே மாதக் கடைசியில் ஒரு முறை. ஜூலை நடுவில் ஒரு முறை.

"அப்ப இந்தக் கணக்கெல்லாம் எதுக்கு? அண்டைக்குப் பார்த்தாப் போதாதா" என்றார் கடைக்காரர், இன்னும் பந்தைக் கையில் வைத்துக்கொண்டு.

"சூரியன் சாட்சி, நானா. சாட்சி வாறதுக்கு முதல் நான் என்ட வாயால சொல்ல வேணும். பிறகு சொன்னா அது கணக்கில்ல."

எங்கள் கோயில் வீதியைப் பார்க்கிறது

இங்கே என்னுடைய ஒரு சிறு கதை. எங்கள் தேவாலயத்தை இங்கே கட்டியபோது திசை பற்றி யாரும் பேசவில்லை. அது பிரதான வீதியைப் பார்த்து நிற்கிறது. ஆண்டவர் எந்த பஸ்ஸில் வந்தாலும் இறங்க வசதி என்று எங்கள் பங்குச் சுவாமி பகிடியாகச் சொல்வார். வரைபடக்காரியாக எனக்கு அது பிழையாகத் தெரிந்ததே இல்லை. முகப்பு வீதிக்கு, பின்புறம் வளவுக்கு. எல்லாக் கட்டடத்தையும் நான் அப்படித்தான் வரைந்தேன்.

பிரார்த்தனைக்கும் ஒரு பாகை உண்டு, அதற்காக ஒரு முழு ஊர் முழங்காலை மடக்கிக்கொண்டு சின்ன வாங்கில் உட்காரும் என்பது எனக்குப் புதிது. அந்தக் கூட்டம் முடிந்து திரும்பும்போது என் படத்தை மறுபடி விரித்துப் பார்த்தேன். காணியின் எல்லைகள் அப்படியே இருக்க, கட்டடத்தை மட்டும் முப்பத்தேழு பாகை திருப்பி வைத்தால் ஒரு மூலை வேலிக்கு வெளியே போயிற்று. அடுத்த காணி ஹாஜியாருடையது. நான் சொல்லும்முன் அவரே கேட்டார், "எவ்வளவு போகுது?" காட்டினேன். "அந்த மூலைல ஒரு முருங்கைதான் நிக்குது. எடுங்க" என்றார். அவ்வளவுதான்.

உம்மா

சிக்கல் பள்ளியில் இல்லை, வீட்டில் இருந்தது.

நஸீராவின் உம்மா எண்பதை நெருங்குகிறவர். கூட்டத்தில் நடந்தது அவருக்கு நஸீரா வீடு வந்து சேர்வதற்குள் வேலிக்கு வேலி போய்ச் சேர்ந்திருந்தது. அடுத்த நாள் நான் போனபோது நஸீரா சமையலறையில் தேங்காய் துருவிக்கொண்டிருந்தாள். உம்மா முன்னறையில் இருந்து, என்னிடம் சொல்வதைப் போல, அவளுக்குச் சொன்னார்:

"அவர் மௌத்தாகி இத்தன வருஷம். திரும்பிக் கதைக்க அவர் இல்ல எண்ட தைரியத்தில இப்ப சொல்றா. படிப்பிச்சது இதுக்குத்தான் போல."

துருவுகிற சத்தம் நின்று, மறுபடி தொடங்கியது.

நஸீரா எல்லாவற்றையும் முன்பே யோசித்திருந்தாள். வாப்பாவை அடக்கிய மையவாடி நகரத்துப் பழைய பள்ளிக்குச் சொந்தமானது. கூட்டத்துக்கு முன்பே அங்கே தனியாகப் போய், அந்தப் பள்ளியின் திசையை அளந்து பார்த்து வந்திருந்தாள். அது சரியாக இருந்தது. அடக்கும்போதும் முகத்தைக் கிப்லாப் பக்கம் திருப்பித்தான் வைப்பார்கள், ஆகவே வாப்பா சரியான பக்கம் பார்த்தே கிடந்தார். அதை உம்மாவிடம் சொன்னாள். அன்று மட்டும் அவர் மகள் ஊற்றிய தேநீரைக் குடித்தார்.

அதற்குப் பிறகு மௌனம். சாப்பாட்டை வாங்கிக்கொள்வார், மருந்தை வாங்கிக்கொள்வார், முகத்தைத் திருப்பிக்கொள்வார். நஸீரா அதைப் பற்றி என்னிடம் ஒரேயொரு முறைதான் கதைத்தாள், பஸ்ஸில், ஜன்னலைப் பார்த்துக்கொண்டு.

"விடை பிழையா இருந்தா நல்லம் எண்டு முதல் தடவையா நினைச்சன். நாலு தரம் திரும்பச் செய்து பார்த்தன், ஸ்டெல்லா. பிழைக்குதில்ல."

நிழல்

மேகம் விலகியது. முதலில் வேலிக்கு அப்பால் தென்னைகளில் வெயில் விழுந்தது. பிறகு தரையின் ஓரத்தில். பிறகு கம்பில்.

நிழல் திடீரென்று கறுப்பாகத் தரையில் கிடந்தது. நஸீராவின் கணக்குப்படி கட்டிய கயிற்றுக்குச் சற்று விலகி.

ஹாஜியார் நஸீராவைப் பார்த்தார். அவள் கடிகாரத்தைப் பார்த்தாள். "இன்னும் நேரம் இரிக்கு" என்றாள். குரல் வகுப்பறைக் குரல்தான், ஆனால் கைகள் முந்தானைக்குள் இருந்தன.

நாங்கள் நிழலைப் பார்த்துக்கொண்டு நின்றோம். நிழல் நகர்வதைக் கண்ணால் காண முடியாது. ஆனால் கயிற்றுக்கும் நிழலுக்கும் இடையில் இருந்த சீமெந்து ஒடுங்கிக்கொண்டே வந்தது. விரலளவு. பிறகு பென்சிலளவு. பிறகு நிழல் கயிற்றுக்குக் கீழே புகுந்தது. நீலக் கயிறு தன் சொந்த நிழலைத் தரையில் தேடமுடியாதபடி, கம்பின் நிழல் அதன் முழு நீளத்துக்கும் படுத்திருந்தது.

"இப்ப" என்றாள் நஸீரா.

மேசன் குனிந்து, கயிற்றின் இரண்டு பக்கமும் விரலை வைத்துப் பார்த்துவிட்டு, நிமிர்ந்தார். மௌலவி மெல்ல ஏதோ ஓதினார். ஒருவரும் கைதட்டவில்லை. கடைக்காரர் மட்டும் நஸீராவிடம் போய், மிகவும் மரியாதையாக, அந்த வலைப்பந்தைத் தன் மகனுக்காக ஒரு நாள் இரவல் தர முடியுமா என்று கேட்டார்.

நான் நஸீராவைப் பார்த்தேன். அவள் உம்மாவைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

உம்மா எப்போது கதிரையைத் திருப்பினார் என்று தெரியவில்லை. குடையை மடித்து ஊன்றிக்கொண்டு எழுந்து வந்தார். நிழலைப் பார்த்தார். கயிறு போகிற பக்கம் பார்த்தார். பிறகு பழைய சுவரைப் பார்த்தார். சில வாரங்களுக்குப் பிறகு மகளிடம் நேராகக் கேட்டார்:

"இது மக்காப் பக்கம் எண்டா, அவர் எந்தப் பக்கம் பிடிச்சார்?"

அது கோபமில்லை. உண்மையாகவே கேட்டார். நஸீரா பழைய சுவரைப் பார்த்தாள். சரியான திசையை அவள் நாலு முறை கணித்திருந்தாள். பிழையான திசை எங்கே போகிறது என்று ஒரு முறையும் கேட்டுப் பார்க்கவில்லை.

எங்கே போகிறது

அஸர் தொழுகை முடிந்து ஆட்கள் கலைந்த பிறகு மூவரும் வீட்டுக்கு வந்தோம். நஸீரா மேசையில் உட்கார்ந்தாள். பாணும் சம்பலும் தட்டில் அப்படியே இருந்தன. பழைய சுவரின் அளவை எடுத்தாள். பத்துக்கு இரண்டு முப்பத்தைந்து. பதின்மூன்று பாகையும் கொஞ்சமும். மேற்கிலிருந்து தெற்கே.

"உம்மா, நாங்க இங்க வந்து சேர்ந்தது ஒக்டோபர் கடைசிதானே?"

உம்மா நாளைச் சொன்னார். அதை மறக்கக்கூடியவர்கள் அந்தக் குடியிருப்பில் இல்லை.

"கொட்டில் எப்ப போட்ட?"

"வந்த அண்டைக்கே. தொழ இடம் வேணும் எண்டு கொட்டிலுக்கு முதல் கோட்டத்தான் போட்டார். நீங்க பிள்ளைகள் எல்லாம் சாக்கில சுருண்டு நித்திரை."

நஸீரா பாடசாலைக் கல்குலேற்றரை எடுத்தாள். அந்த நாளில் சூரியன் பூமத்திய கோட்டுக்கு எவ்வளவு தெற்கே நின்றது என்று தன் பூகோள நூலில் பார்த்தாள். அதன் சைன். அதை எங்கள் அகலாங்கின் கோசைனால் வகுத்தாள். இது சிறிய கணக்கு, இரண்டே வரி. சூரியன் அன்று மேற்கிலிருந்து எவ்வளவு விலகி இறங்கியது என்பதற்கான கணக்கு.

விடை வந்தது. அவள் ஓர் அடி பின்னால் போகவில்லை. கதிரையிலேயே இருந்தாள். கல்குலேற்றரை என் பக்கம் தள்ளினாள். பதின்மூன்று பாகையும் கொஞ்சமும்.

"உம்மா" என்றாள். குரல் வகுப்பறைக் குரலாக இல்லை. "வாப்பா சூரியன் படுற இடத்தப் பிடிச்சிரிக்கார். அண்டைய சூரியன. அது அண்டைக்கு எங்க இறங்கினதோ, சுவர் அங்கதான் பார்க்குது."

வெளியே யாரோ சைக்கிளில் மீன் கூவிக்கொண்டு போனார்கள்.

"அது மஃரிபு நேரம், சூரியன் படுற நேரம்" என்றார் உம்மா பிறகு. "ஊர்ல நாங்க படுவான் பக்கம், மேக்கால பார்த்துத்தானே தொழுற. இங்க வந்தா எது எந்தப் பக்கம் எண்டு ஒருத்தருக்கும் தெரியா. அப்ப இந்தப் பக்கம் மரமில்ல, கடல் தெரியும். சூரியன் தண்ணியத் தொட்டதும் கயிற இழுத்தார்." கையை மடியில் வைத்து, உள்ளங்கையைப் பார்த்தார். "மற்ற முனைய நான்தான் பிடிச்ச. கை ஆடாமப் பிடி எண்டார். நான் அப்ப மூணு நாளாச் சாப்பிடல்ல."

இதை அவர் மகளுக்கு ஒருபோதும் சொன்னதில்லை. ஊருக்கும் சொன்னதில்லை. இத்தனை வாரக் கோபத்தில் பாதி யாருக்கானது என்று எனக்கு அப்போதுதான் விளங்கியது. நஸீராவுக்கும் விளங்கியிருக்க வேண்டும். அவள் கண்ணைத் துடைக்கவும் இல்லை.

"ஆடிச்சா?" என்று உம்மா கேட்டார்.

"என்ன உம்மா?"

"என்ட கை."

"இல்ல உம்மா. அரைப் பாகையும் ஆடல்ல."

உம்மா தலையை ஆட்டினார். ஒரு வேலைக்காரர் மற்றொரு வேலைக்காரரின் சொல்லை ஏற்றுக்கொள்வது போலத்தான் அது இருந்தது.

பாங்கு கேட்டது. நான் புறப்படத் தயாரானேன். உம்மா தொழுகைக்காக முகம் கை கால் கழுவி, ஒளுச் செய்துவிட்டு அறைக்குள் போனார். பெட்டிக்குப் பக்கத்தில், இடப்பக்கச் சுவரோடு ஒட்டினாற்போல், அவருடைய தொழுகைப் பாய் விரித்தபடியே கிடந்தது. குடியிருப்பில் வீடுகள் எல்லாம் பள்ளியின் சுவரோடு வரிசை பிடித்துக் கட்டப்பட்டவை. அதனால் அந்தப் பாயும் அதே பக்கம் பார்த்தே கிடந்தது. அவர் அதன்மேல் ஏறவில்லை. குனிந்து ஒரு நுனியைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"மகள், இத எவ்வளவு திருப்ப?"

நஸீரா வாசலில் நின்று ஒரு நொடி யோசித்தாள். முப்பத்தேழு பாகைக்குத் தாஞ்சன் முக்கால்.

"சுவரோட முன்னுக்கு நாலு சாண் போங்க, உம்மா. அங்கிருந்து நேரா வெளிய மூணு சாண். தொடங்கின இடத்தில இருந்து அதப் பாருங்க."

உம்மா சுவரோரமாக முழங்காலிட்டார். வயதான விரல்களை விரித்து, ஒவ்வொரு சாணாக, அவசரமில்லாமல் அளந்தார். நாலு. பிறகு மூன்று. மகள் உதவப் போகவில்லை. அவர் பாயைத் திருப்பி, விளிம்பை உள்ளங்கையால் ஒரு முறை நீவி, எழுந்து நின்றார்.